கம்பி கட்டிய பிறகு வலியும் சாப்பாடும்: பொறுத்துக்கொண்டே ஆக வேண்டுமா?

புதுக்கம்பி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரத் தொடக்கத்தில் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுக்கும் பல் கம்பி கட்டிக்கொண்டேன். மருத்துவமனை நாற்காலியில் இருந்த நேரம் முழுவதும் வலி எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்துத்தான் முன்பற்கள் கடுக்கத் தொடங்கின. மறுநாள் காலையில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டாலே உயிர் போய் உயிர் வந்தது. இப்போது உணவை நாக்கால் மேலண்ணத்தோடு அழுத்தி நசுக்கி விழுங்குகிறேன். பெரும்பாலும் பாலும் பழச்சாறும்தான் உள்ளே போகின்றன; பசித்தாலும் ஒரு வேளையை விட்டுவிடுகிறேன்.

வலி மாத்திரை போடலாம் என்று மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் குடும்பத்தில் முன்பே கம்பி கட்டிய ஒருவர், மாத்திரை போட்டால் பல் நகராது என்றும், வலிக்கிற அளவுக்குத்தான் பல் நகரும் என்றும் அடித்துச் சொல்கிறார். அதனால் மாத்திரையைக் கையில் எடுத்து மறுபடியும் உறையிலேயே வைத்துவிட்டேன். இது உண்மையா? நீங்கள் எப்படிச் சாப்பிட்டீர்கள்?

கம்பிகழற்றியவர்

சிகிச்சை முழுவதையும் கடந்து வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் ஒரு மாத்திரைகூடப் போடவில்லை. முதல் வாரம் கடினம்தான். அதன்பின் பற்கள் பழகிவிடும். பற்களில் ஒட்டிய சிறு பிடிகளை (பிராக்கெட்) இணைக்கும் வயரை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வலி திரும்ப வரும் என்றாலும், முதல் முறை அளவுக்கு எனக்கு வலித்ததில்லை. மாதாமாதம் மாத்திரையை நம்பினால் அதுவே பழக்கமாகிவிடுமோ என்ற அச்சமும் எனக்கு இருந்தது. ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, எதையும் முன்பல்லால் கடிக்காதீர்கள். சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு உணவை வெட்டி, கரண்டியால் நேராகக் கடைவாய்ப் பக்கம் வைத்து மெல்லுங்கள். இந்த ஒரு பழக்கத்தாலேயே எனக்குப் பாதிச் சிரமம் குறைந்தது.

பல்சீரமைப்பாளர்

நான் இத்துறையில் பணிபுரியும் மருத்துவர். உங்கள் வாயைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரின் சொல்லுக்கே முதலிடம் கொடுங்கள். இருந்தாலும் "வலித்தால்தான் பல் நகரும்" என்ற நம்பிக்கையால் பலர் தேவையின்றித் துன்பப்படுவதைப் பார்த்து வருகிறேன். அதனால் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

பல், மரத்தில் அறைந்த ஆணியைப்போல எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையில் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு நார்த்திசு இருக்கிறது. அதில் இரத்த நுண்குழாய்களும் நரம்பு முனைகளும் நிறைந்திருக்கின்றன. கம்பி பல்லைத் தள்ளும்போது இத்திசு ஒரு பக்கம் நசுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, புரோஸ்டாகிளாண்டின் முதலிய வேதிப்பொருள்கள் உருவாகி, அழற்சி ஏற்படுகிறது. அப்பொருள்கள் நரம்பு முனைகளை அளவுக்கு மீறிக் கூர்மையாக்கிவிடுவதால், நேற்றுவரை கவனத்துக்கே வராத அழுத்தம்கூட இன்று வலியாகத் தெரிகிறது. இதெல்லாம் நடக்கச் சில மணி நேரம் பிடிக்கும். நாற்காலியில் வலியில்லாமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபின் உங்களுக்குக் கடுக்கத் தொடங்கியது அதனால்தான். பொதுவாக இவ்வலி 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, மூன்றாம் நாளிலிருந்து இறங்கி, ஒரு வாரத்தில் பெரும்பாலோருக்கு அடங்கிவிடுகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும், எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பை உருவாக்கும் உயிரணுக்களும் வேலை செய்வதால்தான் பல் நகர்கிறது. வலி, நகர்வு இரண்டும் ஒரே அழுத்தத்திலிருந்து தொடங்குவதால், ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அளந்துவிடலாம் என்று மக்கள் எண்ணிவிடுகிறார்கள். அப்படி அளக்க முடியாது. விசை மிகுந்துவிட்டால் அவ்விடத்தில் இரத்த ஓட்டமே நின்று திசு செயலிழந்துபோகும். அதை உடல் அப்புறப்படுத்தி முடிக்கும்வரை பல் நகராமல் நிற்கும். மெல்லிய, விடாத விசையைத்தான் நாங்கள் நாடுகிறோம். இடைவெளியை மூடும் கட்டத்தில் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே அது நல்ல வேகம். வலியே தெரியாமல் பற்கள் அழகாக நகர்ந்து முடிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மாத்திரையைப் பற்றி உங்கள் உறவினர் சொன்னதற்கு ஓர் அடிப்படை உண்டு. இபுபுரோஃபென் போன்ற வலி மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன. எலும்பைக் கரைக்கும் வேலையிலும் அப்பொருளுக்குப் பங்கு இருப்பதால், நீண்டகாலம் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் பல்லின் நகர்வு மெதுவாகலாம் என்ற கவலை எழுந்தது. பாராசிட்டமால் அழற்சி உள்ள இடத்தில் அவ்வளவாகச் செயல்படுவதில்லை. ஆகவே அது பல்லின் நகர்வில் குறுக்கிடும் வாய்ப்புக் குறைவு என்பதால், நாங்கள் பெரும்பாலும் அதையே முதலில் பரிந்துரைக்கிறோம். கம்பி கட்டிய பிறகு ஓரிரு நாள்கள் உறையில் குறித்த அளவில் எடுத்துக்கொள்வதால் சிகிச்சை தடைப்படாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் ஆகியவை இருந்தாலும், இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவராக இருந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் இபுபுரோஃபெனைத் தொடாதீர்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

ஆகவே மாத்திரையை உறையிலிருந்து எடுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் அல்லது ஒரு மணி நேரம் முன்பு போட்டுக்கொண்டால், மெல்லும் நேரத்தில் அது வேலை செய்துகொண்டிருக்கும்.

இருபிள்ளைத்தாய்

டாக்டர் கடைசியாகச் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். என் மூத்த மகள் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவே மாட்டாள்; தட்டை ஒதுக்கி வைப்பாள், கேட்டால் பசியில்லை என்பாள். கம்பி கட்டிய பிள்ளை பசியில்லை என்று சொன்னால் அதை வலி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தாய்மார்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் உணவையும் பார்த்துக் கொடுங்கள். மற்றவர்கள் முன்னால் மெதுவாக மெல்லவும், பல்லிடுக்கில் சிக்கியதை எடுக்கவும் கூச்சப்பட்டுப் பிள்ளைகள் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருகிறார்கள்.

கம்பிக்கு முன்பு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சிறிய ரப்பர் வளையங்களை வைத்தார்களே, அந்தச் செப்பரேட்டர்தான் அவளுக்குக் கம்பியைவிட அதிகமாக வலித்தது. பல்லிடுக்கில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல இருக்கிறது என்று ஓயாமல் நாக்கால் துழாவினாள். அதைக் குச்சியாலோ நூலாலோ நோண்டினால் கழன்றுவிடும் என்பதால் அவளைக் கண்காணிப்பதே பெரிய வேலையாக இருந்தது. இளையவனுக்கு அதே வளையத்தால் ஒன்றுமே தெரியவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த இருவருக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, "எனக்கு வலிக்கவில்லை, உனக்கும் வலிக்காது" என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது.

சர்க்கரைக்கணக்கு

புதுக்கம்பி அவர்களே, ஒரு வேளை உணவை விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நீரிழிவு உண்டு, இன்சுலின் போடுகிறேன். என்னைப் போன்றவர்கள் இந்த இழையைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்: வலிக்கிறது என்று உணவை விட்டுவிட்டு, மருந்தை மட்டும் வழக்கமான அளவில் எடுத்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கம்பி கட்டும் நாளுக்கு முன்பே நீரிழிவு மருத்துவரிடம் பேசி, முதல் வாரத்தில் என்ன உண்பது, மருந்தின் அளவை எப்படி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நீரிழிவு உண்டு என்பதைப் பல் மருத்துவரிடம் மறைக்கவே மறைக்காதீர்கள். ஈறு நோயும் வாய்ப்புண் ஆறத் தாமதமாவதும் நமக்கு மற்றவர்களைவிட அதிகம்.

உணவியல்மேசை

நான் உணவியலாளர். வலிக்காக உணவை மென்மையாக்கும்போது, பலர் தம்மை அறியாமலே அதை இனிப்பாகவும் மாற்றிவிடுகிறார்கள். பால், பழச்சாறு, ஐஸ்கிரீம், இனிப்பூட்டிய தயிர் எனப் பட்டியல் நீளும். மெல்ல வேண்டியதில்லை என்பதால் இவற்றை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை சர்க்கரை வாய்க்குள் போகும்போதும் பற்படலத்தில் உள்ள நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அதன் தாக்கத்திலிருந்து மீளப் பல்லுக்கு நேரம் தேவைப்படுகிறது. பிராக்கெட்டைச் சுற்றிப் படலம் எளிதில் தங்கிவிடுவதால், அங்கே எனாமலில் உள்ள தாதுக்கள் கரைந்து வெண்புள்ளிகள் உருவாகின்றன. துப்புரவு சரியில்லாத வாயில் இது ஒரு மாதத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிடலாம். கம்பியைக் கழற்றிய நாளில், நேராகிவிட்ட பல்வரிசையில் சதுரம் சதுரமாக வெண்தழும்பைப் பார்த்துக் கலங்கியவர்களை எனக்குத் தெரியும்.

எனவே மென்மையான உணவு என்பதைத் திரவ உணவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குழைய வேகவைத்த தானியம், மசித்த பருப்பு, பதமாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த காய்கள், இனிப்புச் சேர்க்காத தயிர் ஆகியவற்றை நாக்கும் கடைவாயுமே சமாளித்துவிடும். முதல் நாள்களில் முதலில் குறைவது புரதம்தான். ஒவ்வொரு வேளையிலும் ஏதாவதொரு புரத உணவைத் தட்டில் வைத்துவிட்டு மற்றதைப் பற்றி யோசியுங்கள். காயைத் தவிர்த்து மாவுணவை மட்டும் உண்பதால் பலருக்கு மலச்சிக்கல் வருகிறது. வெந்த கீரையையும் பூசணி போன்ற இளகிய காய்களையும் விட்டுவிடாதீர்கள். காரமும் புளிப்பும் வலியைக் கூட்டுவதில்லை என்றாலும், கன்னத்தில் புண் இருக்கும்போது அவை எரிச்சலைத் தரும். பழச்சாறு குடிக்கத்தான் வேண்டும் என்றால் உணவோடு சேர்த்து ஒரே தடவையில் குடித்துவிட்டு, வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள்.

புதுக்கம்பி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். இந்த வாரத்தில் முதன்முறையாக ஒரு தட்டு உணவை முழுதாக உண்டேன். வெண்புள்ளியைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை, பழச்சாற்றை நிறுத்திவிட்டேன்.

இன்னொரு சிக்கலையும் கேட்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டின் மேல் நீல நிறத்தில் சிமெண்ட்போல ஏதோ ஒட்டியிருக்கிறார்கள். வாயை மூடினால் அந்த இரண்டு இடங்கள் மட்டுமே மேல்பல்லைத் தொடுகின்றன. மற்ற பற்கள் ஒன்றையொன்று எட்டவே இல்லை. வலி குறைந்த பிறகும் உணவு அரைபடாமல் துண்டு துண்டாகவே தொண்டைக்குப் போகிறது. கம்பி கட்டியதில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டதா?

பல்சீரமைப்பாளர்

தவறு ஏதும் இல்லை. மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களின் மேல் ஆழமாக மூடியிருப்பவர்களுக்கு, கீழ்வரிசைப் பிராக்கெட்டுகள் கடிபட்டுப் பெயராமல் இருக்கவும், அந்த ஆழமான கடியைச் சிறிது சிறிதாகக் குறைக்கவும் அப்படி உயர்த்தி வைப்போம். வலியைவிட இதுதான் சாப்பிடுவதை அதிகமாகக் கெடுக்கிறது. இருந்தும் பலருக்கு இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்வதில்லை என்பது எங்கள் துறையில் உள்ள குறை என்றே கருதுகிறேன். வாரங்கள் செல்லச் செல்ல மற்ற பற்களும் நகர்ந்து ஒன்றையொன்று தொடத் தொடங்கும். அதுவரை உணவைத் தட்டிலேயே நன்றாக மசித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கவளத்தையும் சிறிதாக எடுங்கள், பேசிக்கொண்டே உண்ணாதீர்கள். இரண்டில் ஒரு பக்கம் மட்டும் உயரமாகத் தட்டி, அந்தப் பல்லில் கூர்மையான வலியும் காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டில் வலியும் இருந்தால் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்; சில நிமிடங்களில் உரசிச் சமப்படுத்திவிடலாம்.

குளிர்ந்த தண்ணீரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அதையும் சேர்க்கிறேன். தொடக்கத்தில் நாங்கள் போடும் வயர் பெரும்பாலும் நிக்கல், டைட்டானியம் கலந்த உலோகம். அதில் ஒரு வகை, உடலின் வெப்பத்தில் விறைத்துத் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயல்கிறது, குளிர்ந்தால் தளர்ந்துவிடுகிறது. அந்த வகை வயர் உங்களுக்குப் போடப்பட்டிருந்தால், குளிர்ந்த தண்ணீரை வாயில் நிறுத்தி வைக்கும்போது பல்லின் மீதான விசை அப்போதைக்குக் குறையும். சூடான பானம் குடிக்கும்போது கூடும். எந்த வகை வயராக இருந்தாலும் குளிர்ச்சி வலியைச் சற்று மரக்கச் செய்யும். ஆனால் பனிக்கட்டியைக் கடித்து மெல்லாதீர்கள், பிராக்கெட் பெயர்ந்துவிடும்.

கம்பிகழற்றியவர்

டாக்டர், மாத்திரையைப் பற்றிய உங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. சிகிச்சை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் நீள்கிறது. மாத்திரை வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு வேறு வழி என்ன? மென்மையான உணவையே உண்டு பற்களுக்கு ஓய்வு கொடுத்தால் வலி விரைவில் போய்விடாதா?

பல்சீரமைப்பாளர்

மாத்திரை ஒவ்வொரு முறை வயர் மாற்றிய பிறகும் ஓரிரு நாள்களுக்கு மட்டும்தான். பலருக்குப் பிந்தைய மாதங்களில் அதுவும் தேவைப்படுவதில்லை. வேண்டாம் என்பவரை நான் கட்டாயப்படுத்துவதும் இல்லை.

ஓய்வு கொடுப்பதைப் பற்றிய எண்ணம் மாறி வருகிறது. மிதமாக மெல்லும்போது நசுங்கிய திசுவில் இரத்தம் மீண்டும் ஓட வழி கிடைத்து வலி தணியலாம் என்பது ஒரு விளக்கம். பிரிட்டனில் 1,000 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரையில்லாத சூயிங்கம் மெல்லச் சொல்லப்பட்டவர்கள் இபுபுரோஃபெனைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். அதனால் பிராக்கெட்டுகள் கூடுதலாகப் பெயரவும் இல்லை. இருந்தாலும் பல மருத்துவர்கள் சூயிங்கம் கூடாது என்றே சொல்கிறார்கள். உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சூயிங்கம் பிடிக்காதவர்கள் மூன்றாம் நாளிலிருந்தே சற்றுப் பதமுள்ள உணவைக் கடைவாயில் மெல்லத் தொடங்கலாம். கொட்டைகள், கடினமான பண்டங்கள், பச்சைக் காரட், பொரிந்த சோளம், எலும்போடு கூடிய இறைச்சி, பல்லில் இழுபடும் மிட்டாய் ஆகியவை மட்டும் கம்பி உள்ளவரை வேண்டாம். ஆப்பிளை மெல்லிய வில்லைகளாக நறுக்கி உண்ணலாம்.

அச்சமும் வலியைப் பெருக்குகிறது. கம்பி கட்டிய பிறகு மருத்துவமனையிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசினால் நோயாளிகள் உணரும் வலியும் பதற்றமும் குறைகின்றன என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த அழைப்பில் என்ன பேசினார்கள் என்பதுகூட முக்கியமாக இருக்கவில்லை. அதைப் படித்ததிலிருந்து, கம்பி கட்டிய அன்று மாலையே ஒவ்வொருவரையும் அழைத்து விசாரிக்கும்படி எங்கள் உதவியாளர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இருபிள்ளைத்தாய்

வலி எனப் பேசும்போது எல்லோரும் பல்லையே சொல்கிறோம். என் பிள்ளைகளை அதிகம் அழவைத்தது கன்னப்புண்தான். கன்னத்தை உறுத்தும் பிராக்கெட்டின் மேல் வைக்கத் தரும் மெழுகைப் பயன்படுத்தத் தெரியாமல் பலர் அது ஒட்டவே இல்லை என்று வீசிவிடுகிறார்கள். பல் துலக்கிவிட்டு, உறுத்தும் பிராக்கெட்டைச் சுத்தமான துணியாலோ பஞ்சாலோ ஈரம் போகத் துடைக்க வேண்டும். பட்டாணி அளவு மெழுகை விரல்களுக்கு இடையில் உருட்டினால் சூட்டில் இளகும். அதைப் பிராக்கெட்டின் மேல் அழுத்தி, ஓரங்களை வயரின் அடியில் செருகிவிட்டால் நிற்கும். சாப்பிடும் முன் எடுத்துவிட்டு, பின்னர் புதிதாக வைக்க வேண்டும். தவறி விழுங்கினாலும் கேடில்லை. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளித்தது புண்ணுக்கு இதமாக இருந்தது.

ஓர் இரவு, கடைசிப் பல்லின் பின்னால் வயர் நீண்டு கன்னத்தைக் குத்தியது. அப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

பல்சீரமைப்பாளர்

மெழுகு வைக்கும் முறையைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். பற்கள் வரிசைக்கு வரும்போது வயர் பின்னோக்கி வழுக்குவது இயல்பு. பென்சிலின் ரப்பர் முனையைச் சுத்தம் செய்து, வயர் முனையைப் பல்லை ஒட்டி மெதுவாக மடக்கிப் பாருங்கள். முடியாவிட்டால் மெழுகால் மூடிவிட்டு மறுநாள் வந்து வெட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் வெட்டினால் துண்டு தொண்டைக்குள் போய்விடும் ஆபத்து உண்டு என்பதால் அதை நான் ஊக்குவிப்பதில்லை. பிராக்கெட்டோ வயர்த் துண்டோ உள்ளே போய், இருமலோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகு வலி இறங்காமல் ஏறினாலோ, ஒரே ஒரு பல் மட்டும் இரவில் துடித்தாலோ, முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, பல் ஈறில் சீழ் தெரிந்தாலோ, கன்னப்புண் இரண்டு வாரம் கடந்தும் ஆறாவிட்டாலோ, அது கம்பியின் வழக்கமான வலி என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

புதுக்கம்பி

இப்போது பற்கள் தொட்டுக்கொண்டால் வலிப்பதில்லை. பல் துலக்கும்போது மட்டும் கூசுகிறது. லேசாக ஆடுவதுபோலவும் இருக்கிறது. அடுத்த மாதம் வயர் மாற்றுவார்களாம், மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் இணைக்கும் ரப்பரும் மாட்டிக்கொள்ளச் சொல்வார்களாம். அதற்கு முன்கூட்டியே நான் என்ன செய்துவைக்கலாம்?

பல்சீரமைப்பாளர்

நகரும் பல் லேசாக ஆடத்தான் செய்யும். சிகிச்சை முடிந்தபின் இறுகிவிடும். கூசினாலும் துலக்குவதை விட்டுவிடாதீர்கள். மிருதுவான பிரஷ்ஷால், ஃபுளோரைடு பற்பசை கொண்டு, பிராக்கெட்டின் மேலும் கீழும் தனித்தனியாகத் துலக்குங்கள். ஈறு வீங்கினால் அந்த வலியும் சேர்ந்துகொள்ளும்.

ரப்பரைப் பொறுத்தவரை, வலிக்கிறது என்று ஒரு நாள் கழற்றி, மறுநாள் மாட்டி, மீண்டும் கழற்றுபவர்களுக்குத்தான் வலி நீள்கிறது. ஒவ்வொரு முறையும் பல் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சொன்ன நேரம் முழுவதும் விடாமல் போட்டால் சில நாள்களில் பழகிவிடும்.

வயர் மாற்றும் நாளை, மறுநாள் தேர்வோ முக்கியமான வேலையோ இல்லாதபடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்று கிளம்பும் முன் வயிறு நிறைய உண்டு, பாராசிட்டமால் ஒத்துக்கொள்ளும் என்றால் அதையும் போட்டுக்கொள்ளலாம். இரவுக்கும் மறுநாளுக்கும் மென்மையான உணவை முன்பே செய்து வையுங்கள். சிகிச்சை முடிந்து நாற்காலியை விட்டு எழும் முன், கடைசிப் பற்களின் பின்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். முனை உறுத்தினால் அங்கேயே சொல்லி வெட்டிக்கொண்டு புறப்படுங்கள்.